விளி கொள்ளாத பெயர்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அன்றாடம் புழங்கும் இரண்டு சொற்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். ஒன்று ஜெபம், மற்றது தியானம். இரண்டும் வடமொழி யோக மரபிலிருந்து வந்தவை. ஜபம் என்பதற்கு உதட்டுக்குள் முணுமுணுத்தல் என்பது அடிப்படைப் பொருள். தியானமோ பௌத்தத்தோடு சீனத்துக்குச் சென்று ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஸென்’ ஆயிற்று. சீனத்துக்கு அதைக் கொண்டுசென்ற போதிதர்மர் காஞ்சியிலிருந்து போனவர் என்றொரு மரபும் உண்டு. ஆக, காலையில் ஜெபமும் மாலையில் தியானமும் செய்யும் எங்கள் தென்னாட்டுச் சீர்திருத்தச் சபை வீடுகள், தாம் அறியாமலே கீழைத்தேய யோகியரின் சொல்லைத்தான் நாவில் வைத்திருக்கின்றன.

சொல் வந்தது; செயல் வரவில்லை. எங்கள் வீடுகளில் தியானம் என்றால், நாள்தோறும் ஒரு பக்கம் என்று அச்சிட்ட சிறு நூலை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டிருப்பது. கூட்டங்களில் ‘இன்றைய தியானத்தை வழங்குபவர்’ என்று அறிவித்தால், ஒருவர் எழுந்து கால்மணி நேரம் பேசப்போகிறார் என்று பொருள். மௌனத்துக்கு இடமே இல்லாத ஒரு காரியத்துக்கு மௌனத்தின் பெயரை இட்டிருக்கிறோம் என்று எங்களுக்குள் பலமுறை சிரித்ததுண்டு.

ஆனால் எபிரேய மூலத்தைப் பார்த்தபின் சிரிப்பு அடங்கியது. முதலாம் சங்கீதத்தில் நீதிமான் இரவும் பகலும் வேதத்தைத் தியானிப்பதாக வருகிறதல்லவா, அங்குள்ள வினைச்சொல் ‘ஹாகா’. முனகுதல், முணுமுணுத்தல் என்பதே அதன் பொருள். ஏசாயாவின் நூலில் புறாவின் புலம்பலுக்கும் இரையைக் கவ்விய சிங்கத்தின் உறுமலுக்கும் இதே சொல்தான். விவிலியத்தின் ‘தியானம்’ உண்மையில் ஜபம்! மாறாக 46-ஆம் சங்கீதத்தில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘அமர்ந்திருத்தல்’ என்று தந்திருக்கும் இடத்திலுள்ள எபிரேயச் சொல்லுக்குத் தளர்த்துதல், பிடியை விடுதல் என்று பொருள். அமர்தல் என்ற தமிழ்ச் சொல்லில் உட்காருவதும் அடங்குவதும் ஒருங்கே இருக்கின்றன. அந்த மொழிபெயர்ப்பாளரின் காதுக்கு ஒரு வணக்கம் சொல்லியாக வேண்டும்.

சொல்லாராய்ச்சி எங்கள் தொழில். ஆனால் இந்தச் சொற்களிடம் நாங்கள் வந்தது தொழில் நிமித்தமாக அன்று.

2016-ஆம் ஆண்டு, மதுரையிலிருந்து வரும் நான்குவழிச் சாலையில் கயத்தாற்றுக்கு இப்பால் நடந்த ஒரு விபத்தில், எங்களில் ஒருவருக்குத் தம்பியும் மற்றவருக்கு மைத்துனருமான இளைஞனை இழந்தோம். அவனுக்கு வயது 31. தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. வந்தவர் அனைவரும் அன்பால் வந்தவர்கள். அதில் எங்களுக்குச் சிறிதும் ஐயமில்லை. அனைவரும் ஜெபித்தார்கள். அனைவரும் பேசினார்கள். தேவசித்தம் என்றார்கள், ஆண்டவர் தம் தோட்டத்துக்கு நல்ல பூவைப் பறித்துக்கொண்டார் என்றார்கள். அந்த வீட்டில் பேசாமல் இருந்தவர் இறந்தவனின் தாயார் மட்டுமே. அவர் எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. இங்கே அத்தை என்றே குறிப்பிடுகிறோம். ஒருமுறை எண்ணிப் பார்த்தோம்: ஒருவர் செய்த ஏழு நிமிட ஜெபத்தில் ‘ஆண்டவரே’ என்ற விளி நாற்பதைத் தாண்டிவிட்டது. துக்கத்தில் இருக்கும் மனம் இப்படிக் கணக்குப் போடுவது விந்தைதான். வேறொன்றைப் பற்றிக்கொள்ள முடியாதபோது எண்ணைப் பற்றிக்கொள்கிறது போலும்.

அதன்பின் நான்கைந்து மாதங்கள் எங்கள் இருவராலும் ஜெபிக்க இயலவில்லை. நம்பிக்கை போய்விட்டது என்று சொல்வது சரியாகாது. வாயைத் திறந்து ‘ஆண்டவரே’ என்றதும் அடுத்த சொல் வராமல் நின்றது. அந்நிலையில், ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவர், கத்தோலிக்கர், பெருமாள்மலைக்குப் போய்வாருங்கள் என்றார். கோடை விடுமுறையில் ஐந்து நாள் போனோம்.

கொடைக்கானல் சாலையில் பெருமாள்மலையிலுள்ள போதி ஸெண்டோ 1996-இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர் ஆமா சாமி என்று அறியப்படும் இயேசு சபைத் துறவி. 1936-இல் பர்மாவில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். ஜப்பானின் காமகுராவில் யமாடா கோவுன் என்ற ஸென் ஆசானிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றவர். அதே ஆசானிடம் பயின்ற மற்றொரு இயேசு சபைத் துறவி ஹ்யூகோ லசால், 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் இருந்து, காயங்களோடு பிழைத்தவர். தமிழகத்தின் ஒரு மலைச்சரிவுக்குத் தியானம் என்ற சொல், செயலோடு சேர்ந்து, சீனமும் ஜப்பானும் சுற்றித்தான் திரும்பி வரவேண்டியிருந்தது.

அங்கே செய்யச் சொன்னது மிக எளியது. திண்டில் அமர்ந்து, முதுகை நிமிர்த்தி, மூச்சை எண்ண வேண்டும். பத்து வரை எண்ணி மீண்டும் ஒன்று. இருபத்தைந்து நிமிடம். பிறகு மெதுவாக நடை. மீண்டும் அமர்தல். இடையே காய்கறி நறுக்குவதும் தோட்ட வேலையும். யாரும் எங்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை. எதற்காக வந்தோம் என்றுகூட உடனிருந்தோர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் எங்களில் ஒருவர் அமர்ந்தபடியே நெடுநேரம் அழுதார். பக்கத்துத் திண்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்தத் திரும்பாமைக்கு நாங்கள் இன்றும் நன்றி பாராட்டுகிறோம்.

ஊர் திரும்பியபின் விடியற்காலை நாலரைக்கு மாடி அறையில் அமரத் தொடங்கினோம். ரயில் பாதை தொலைவில் இல்லை. வடக்கே போகும் வண்டிகளின் ஓசையும், நயினார்குளம் பக்கத்திலிருந்து பறவைகளின் ஓசையும் கேட்கும். சில நாள் கழித்து அத்தை கதவருகில் நின்று, “ரெண்டு பேரும் ஜெபம் பண்ணுதியளா, இல்ல உக்காந்தே தூங்குதியளா?” என்று கேட்டார்கள். நெல்லையில் ‘சும்மா இரு’ என்பது வசைக்கும் அறிவுரைக்கும் பொதுவான தொடர். அருணகிரிநாதரும் தாயுமானவரும் ஞானத்தின் உச்சியாகப் பாடிய அதே சும்மா இருத்தலை, இங்கே குறும்பு செய்யும் பிள்ளையிடம் சொல்கிறோம். அத்தையின் கேள்வியில் இரண்டு பொருளும் இருந்தன.

மௌனம் இப்பள்ளத்தாக்குக்கு அயலானது அன்று. திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஆழ்வார்திருநகரி இருக்கிறது. குருகூர்ச் சடகோபன் பிறந்தது முதல் அழாமலும் பேசாமலும் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டு அமர்ந்திருந்தான் என்பது வைணவ மரபு. மதுரகவி வந்து ஒரு கேள்வி கேட்க, மௌனம் உடைந்தது. பின்னர் பிறந்தது ஆயிரத்தொரு நூற்றிரண்டு பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி. எங்கள் தச்சநல்லூருக்கு அருகிலுள்ள கரையிருப்பில் 1827-இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தப் பாசுரங்களைக் கேட்டு வளர்ந்த வைணவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்தது. ஆழ்வார்களின் உருக்கத்தை அவர் கிறிஸ்துவிடம் கொண்டு சேர்த்தார் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். அவர் கொண்டுவந்தது பாசுரத்தை மட்டுமே, புளியமரத்தடியை அன்று என்பது மாடி அறையில் அமர்ந்த பின்னரே தோன்றியது. இது குறை கூறல் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது பாட ஒரு பெயர், அது கிடைத்தது.

செய்தி சபைக்கு எட்ட ஆறு மாதம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை மாலை சபைப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், தம்பியின் அடக்கத்தன்று இரவெல்லாம் எங்களோடு இருந்தவர். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “கண்ணை மூடி உட்காருகிறீர்களே, எந்தத் தெய்வத்தை நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். எந்தத் தெய்வத்தையும் நினைப்பதில்லை, மூச்சைத்தான் எண்ணுகிறோம் என்றோம். இது உண்மையான பதில். ஆனால் அவருக்கு அது முன்னதைவிட மோசமாகப் பட்டது. வெற்று வீட்டில் அசுத்த ஆவி ஏழு தோழரோடு குடிபுகும் உவமையைச் சொன்னார். ஓய்வுநாள் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகக் கற்பித்து வந்தோம். இதை விடுங்கள், அல்லது அதை விடுங்கள் என்பதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். கற்பித்தலை விட்டோம். அந்தப் பிள்ளைகளில் சிலர் தெருவில் எங்களைக் கண்டால் இப்போதும் ‘டீச்சர்’ என்கிறார்கள். சிலருடைய பெற்றோர் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்கள்.

இத்தகைய விலக்கைச் சந்தித்த முதல் ஆட்கள் நாங்கள் அல்லர் என்பது வாசிப்பில் கிடைத்த ஆறுதல். ஜான் மெயின் என்ற ஆங்கிலேயர் 1950-களில் மலாயாவில் அரசுப் பணியில் இருந்தபோது, கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தாவைச் சந்தித்தார். நீர் கிறிஸ்தவர், கிறிஸ்தவ மந்திரம் ஒன்றையே சொல்லும், காலையும் மாலையும் அமரும் என்று சுவாமி கற்பித்தார். பின்னர் 1959-இல் மெயின் லண்டனில் ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்தபோது, பயிற்சி ஆசான் அந்த முறையை விடச் சொன்னார். விட்டார், எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், தம் மடத்து மரபின் வேரிலேயே நிற்கும் ஜான் காசியன் எழுத்துகளில், ஒரே சிறு தொடரை இடைவிடாமல் சொல்லும் முறையைக் கண்டு மீண்டும் தொடங்கினார். அவர் பரிந்துரைத்த சொல் ‘மாரநாதா’. அராமிய மொழியில் ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று பொருள்படும். கவனியுங்கள், அதுவும் ஒரு விளி.

கத்தோலிக்கத் தலைமையும் தயங்காமல் இல்லை. கார்டினல் ராட்சிங்கர் பொறுப்பிலிருந்த வத்திக்கான் துறை, கிறிஸ்தவத் தியானத்தின் சில கூறுகள் குறித்து 1989-இல் வெளியிட்ட கடிதம் யோகம், ஸென் முறைகளைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும் என்றது. அதைப் படித்தபோது எங்கள் சபைப் பெரியவரின் குரல் இன்னும் நல்ல மொழிநடையில் கேட்டது போலிருந்தது. ஆனால் ஒன்று: அக்கடிதம் எந்தத் தெய்வம் என்பதைக் காட்டிலும், ஜெபம் என்பது மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான உரையாடல், அது தன்னுள் அடங்கிவிடக் கூடாது என்பதையே வற்புறுத்துகிறது. இதுதான் சரியான இடத்தில் வைத்த விரல். மாடி அறையில் வேறு தெய்வம் எதுவும் நுழையவில்லை. அங்கே நடப்பது, முன்னிலை மெல்ல மறைவது. ‘நீர்’ என்று அழைக்கப்பட்டவர் எங்கே என்பதுதான் கேள்வி.

இக்கேள்வியில் தம் வாழ்நாளைக் கரைத்தவர் ஒருவர் நம் காவிரிக் கரையில் இருந்தார். 1910-இல் பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் பிறந்த ஆன்றி லெ சோ, 1948-இல் தமிழகம் வந்தார். அவருக்கு முன் 1939-இலேயே வந்து, குளித்தலைப் பகுதியில் ஏழைப் பங்குகளில் பணியாற்றிக்கொண்டிருந்த ஜூல் மொன்ஷானன் என்ற குருவோடு சேர்ந்து, 1950 மார்ச் 21 அன்று தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். சாந்திவனம் என்று எல்லோரும் அறிந்த இடம். காவி உடுத்தார்கள், மரக்கறி உண்டார்கள், பரம அரூபி ஆனந்தம் என்று ஒருவரும் அபிஷிக்தானந்தர் என்று மற்றவரும் பெயர் பூண்டார்கள். பார்க்க வந்தவர் பலர். தங்கி அவர்களோடு துறவு மேற்கொண்டவர் இல்லை. 1968-இல் பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்ற பின்னரே ஆசிரமம் தழைத்தது.

லெ சோ 1949 ஜனவரியில் திருவண்ணாமலையில் ரமணரைக் கண்டார். முதற்பார்வையில் ஏமாற்றமே. எதிர்பார்த்த ஒளி எதுவும் தெரியவில்லை, காய்ச்சல் வேறு. ஆனால் மலை அவரை விடவில்லை. ரமணர் மறைந்த பிறகு, 1952 முதல் அருணாசலத்தின் குகைகளில் வாரக்கணக்காகத் தங்கி மௌனத்தில் ஆழ்ந்தார். 1955 இறுதியில் திருக்கோவிலூர்த் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டு குருவாகவே ஏற்றார். இத்தனைக்கும் நடுவே திருப்பலியும் திருப்புகழ்மாலையும் தவறியதில்லை. அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த நாட்குறிப்புகளைப் படித்தவர்களுக்கு அந்த இருபத்தைந்து ஆண்டு வேதனை தெரியும். அத்வைத அனுபவம் உண்மையானால் தாம் கும்பிடும் கிறிஸ்து யார்? கிறிஸ்து உண்மையானால் குகையில் கண்டது எது? ஒன்றை விட்டு மற்றதைப் பற்றியிருந்தால் அவர் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். இரண்டையும் விடமாட்டேன் என்று நின்றார். 1973 ஜூலையில் ரிஷிகேசத்துத் தெருவில் மாரடைப்பால் விழுந்தார். அந்த விழுதலையே தம் தேடலின் பேறாகக் கொண்டார். டிசம்பர் 7 அன்று இந்தூரில் மறைந்தார்.

எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி. ஒரே மாந்தோப்பில் இருந்த அந்த இருவரும் இதில் ஒத்துப்போகவில்லை. லெ சோ குகைக்குள் ஆழ ஆழ, மொன்ஷானன் ஐயம் மிகுந்தவரானார். உறவுகளாலான மூவொரு கடவுளும் இரண்டற்ற ஒன்றும் எளிதில் இணையமாட்டா என்பதே அவர் சென்று சேர்ந்த இடம். நோயுற்றுப் பாரிசுக்கு அனுப்பப்பட்டு 1957 அக்டோபரில் இறந்தார். இருவரில் யார் சரி என்று ஆராய்ச்சியாளர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தோப்பில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உண்ட வேளைகளை யாரும் எழுதவில்லை.

தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு இங்கே தொல்காப்பியம் துணைக்கு வருகிறது. எட்டாம் வேற்றுமையாகிய விளிக்கென்றே சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயல் உண்டு. எப்பெயர் எப்படி விளியேற்கும், நீளுமா, கெடுமா, திரியுமா என்று விரிவாகச் சொல்லும் ஆசிரியர், விளி கொள்ளாத பெயர்களையும் சொல்கிறார். சுட்டுப்பெயர் விளி கொள்ளாது, வினாப்பெயர் கொள்ளாது, ‘யான்’ கொள்ளாது, ‘தான்’ கொள்ளாது. நன்னூலாரும் ‘தான்’, ‘தாம்’ ஆகியவற்றை இந்தப் பட்டியலில் வைக்கிறார். இது இலக்கணம் மட்டுமே என்று ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுக் கடந்திருக்கிறோம். ரமணரின் கேள்வியோ ‘நான் யார்’ என்பது. அதில் யானும் வினாவும் சேர்ந்தே இருக்கின்றன. அழைக்க இயலாத பெயர்களின் பக்கம் திரும்பும் வழி அது. கிருஷ்ணபிள்ளையின் வழியோ முழுக்க முழுக்க விளி. லெ சோ ‘ஆண்டவரே’ என்று காலையில் அழைத்துவிட்டு, விளி கொள்ளாத பெயருக்குள் மாலையில் இறங்கியவர்.

இந்தச் சிக்கல் எவ்வளவு கூர்மையாகக்கூடும் என்பதை எங்களுக்குக் காட்டியவர் எங்கள் பழைய மாணவி ஒருவர். கோவையில் மணமாகி, கணவர் வீட்டார் வழி மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் சபையில் சேர்ந்தவர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே முறையான பெயர். 2018 முதல் அந்தச் சுருக்கப் பெயரைத் தவிர்க்கும்படி அச்சபையே கேட்டுவருகிறது. தமிழகத்தில் அதற்கு எதிர்பாராத பழமை உண்டு. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஊழியர் 1853-இலேயே சென்னைக்கு வந்து ஓராண்டு உழைத்து, ஏறத்தாழ வெறுங்கையோடு திரும்பினார். நூறாண்டு கழித்து, 1954-இல், கோவையைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் தம் கைக்கு எட்டிய துண்டுப்பிரசுரம் ஒன்றைப் படித்துத் தாமாகவே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். 1965-இல்தான் அவர் ஞானஸ்நானம் நடந்தது. பதினோரு ஆண்டு காத்திருந்த அந்த மனிதரைப் பற்றித் தனியே எழுதலாம்.

அம்மாணவி வீட்டில் தேநீரும் காப்பியும் இல்லை. 1833-இல் ஜோசப் ஸ்மித் பெற்றதாக அவர்கள் நம்பும் ஒரு வெளிப்பாட்டின்படி விலக்கு. அங்கே எங்களுக்குக் கிடைத்தது சுக்கு, மல்லி, கருப்பட்டி. (நெல்லைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய துறவு வேறில்லை.) குழந்தை பிறந்தபின் உறக்கமின்றித் தவித்தபோது மருத்துவர் ஒருவர் மூச்சைக் கவனித்து அமரச் சொல்லியிருக்கிறார். அமர்ந்தார்; பிடித்துப்போயிற்று; பின்பு பயம் வந்தது. சபை தியானத்துக்கு எதிரி அன்று. 1951 முதல் 1970 வரை தலைவராயிருந்த டேவிட் மெக்கே, தியானத்தைக் கடவுளின் முன்னிலைக்குள் நுழையும் மிகப் புனிதமான வாசல்களில் ஒன்றாகவே போதித்தவர். அமெரிக்காவில் ராணுவச் சமய குருவாயிருந்த பிலிப் மெக்லெமோர் என்ற மார்மன், ‘சன்ஸ்டோன்’ இதழில் 2006-இல் ‘மார்மன் மந்திரங்கள்’ என்ற பொருள்பட ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். கீழைத்தேயத் தியானம் தம் கிறிஸ்தவ வாழ்வை ஆழமாக்கியது என்பது அவர் சாட்சியம். மாணவி அதை எங்களுக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியில் சொன்னார்: “சார், மேடம், உங்களுக்குச் சுலபம். உங்கள் கடவுள் அரூபி. என் பரலோகப் பிதாவுக்கு முகம் உண்டு. கண்ணை மூடி உட்கார்ந்தால் அந்த முகம்தான் முதலில் கலைகிறது.”

இது கற்பனைப் பேச்சு இல்லை. தந்தையாகிய கடவுளுக்குத் தசையும் எலும்பும் கொண்ட, தொட்டறியக்கூடிய உடல் உண்டு என்று 1843-இல் ஜோசப் ஸ்மித் போதித்தார். அச்சபையின் வேதநூல்களில் அது இடம்பெற்றிருக்கிறது. திரித்துவக் கிறிஸ்தவர்கள் இதைப் பெரும் பிழை என்பார்கள். எங்களுக்கும் அதை ஏற்க முடியவில்லை. ஆனால் ஜெபத்தின் இலக்கணமாகப் பார்த்தால், இதைவிட உறுதியான முன்னிலை வேறு எந்தக் கிறிஸ்தவ மரபிலும் இல்லை. அழைக்கப்படுபவர் ஓரிடத்தில், ஓர் உடலில், ஒரு முகத்தோடு இருக்கிறார். பதினான்கு வயதில் 1820-இன் வசந்தகாலத்தில் தோப்புக்குள் தனியே போய் ஜோசப் ஸ்மித் கண்டதாகச் சொன்னதும் அத்தகைய இரு உருவங்களையே. அவரும் ஒரு தோப்புக்குத்தான் போனார். ஆனால் வாய்விட்டு ஜெபிக்கப் போனார். குருகூர்ப் புளியமரம், தண்ணீர்ப்பள்ளி மாந்தோப்பு, நியூயார்க் மாநிலத்துக் காடு ஆகிய மூன்றும் எங்கள் மனத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன.

மாணவியின் கேள்விக்கு உடனே பதில் எழுத இயலவில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான், எங்களிடமே ஒரே பதில் இல்லை என்பது வெளிப்பட்டது. இக்கட்டுரை முழுவதும் ‘நாங்கள்’ என்றே எழுதி வந்திருக்கிறோம். இருபது ஆண்டு இல்லறத்தில் அப்படித்தான் பழக்கம். இந்த ஓரிடத்தில் அச்சொல் நிற்கவில்லை. எங்களில் ஒருவருக்கு, மூச்சு அடங்கி எண்ணிக்கையும் நழுவிய சில கணங்களில், எதிரே ஒருவர் இருக்கிறார் என்பது முன்னெப்போதையும்விடத் தெளிவாகிறது. சொல் இல்லை; ஆயினும் அது யாரையோ நோக்கிய மௌனம். மற்றவருக்கு அங்கே எவரும் இல்லை. அச்சமோ வெறுமையோ இல்லை. தம்பியின் மரணத்துக்குப் பின் முதன்முறையாக ஓர் அமைதி உண்டு. ஆனால் அதை ‘நீர்’ என்று அழைத்தால் அது பொய்யாகிவிடும் என்று அவர் கருதுகிறார். முன்னவர் மொன்ஷானனைப் படித்து ஆறுதலடைகிறார். பின்னவர் லெ சோவின் குகைக்காலக் குறிப்புகளை விட்டு நகர்வதில்லை. அருகருகே ஒரே அறையில், ஒரே அளவு நேரம், ஒரே முறையில் அமர்ந்து இருவர் இப்படி இரண்டு இடங்களுக்குப் போய்ச் சேரக்கூடும் என்று பெருமாள்மலையில் யாரும் சொல்லவில்லை.

இது வாதமாக முற்றிய நாட்களும் உண்டு. அப்படியானால் தம்பி எங்கே, அவனைக் காப்பவர் யார் என்று ஒருவர் இரவில் கேட்டுவிட்டார். மற்றவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் ஒருவர் மட்டுமே மாடிக்குப் போனார். மூன்றாம் நாள் இருவரும் போனோம்.

இப்போது அத்தையும் சில நாட்கள் மேலே வருகிறார்கள். முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து, தமக்கு மனப்பாடமான சங்கீதங்களைத் தாழ்ந்த குரலில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்; சில இடங்களில் சொல் தேய்ந்து வெறும் முனகலாகிவிடும். எங்களுக்குத் தெரிந்து ‘ஹாகா’ என்ற வினைச்சொல்லைச் சரியாகச் செய்பவர் அவர் ஒருவரே. முதலில் அது எண்ணிக்கையைக் குலைத்தது. பிறகு அதுவும் ரயிலோசையைப் போல ஆகிவிட்டது.

மாணவிக்கு இறுதியில் இரண்டு கடிதங்கள் போயின, ஒவ்வொருவரும் ஒன்று. இரண்டையும் படித்துவிட்டு, கால்மணி நேரம் அமர்வதாகவும், பின்பு முழங்காலில் நின்று தம் சபையின் முறைப்படி பரலோகப் பிதாவை அழைத்து வாய்விட்டு ஜெபிப்பதாகவும் எழுதினார். கலைந்த முகம் திரும்ப வருகிறதா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் அமர்ந்து எழும்போது பரமண்டல ஜெபம் சொல்வது வழக்கம். அது விளியில் தொடங்குவது. அந்த முதல் தொடரை எங்களில் ஒருவரும் அத்தையும் சொல்வார்கள். அன்றன்றைக்குள்ள அப்பத்தைக் கேட்கும் இடத்தில் மற்றவரும் சேர்ந்துகொள்வார். மகளுக்கு இவ்வாண்டு திடப்படுத்தல் வகுப்பு தொடங்குகிறது. வகுப்பெடுப்பவர் அந்தப் பெரியவர்தான்.